எடிசனைத் தனியாகக் கேட்க வேண்டும்

முதலில் ஸ்டாண்டு போடுகிற சத்தம். வாசல் சிமென்டில் இரும்பு ணங்கென்று உட்கார்ந்தது, என்ஜின் அதற்கப்புறம்தான் நின்றது. கண்ணைச் சுற்றிக் கறுப்புத் துண்டு கட்டியிருக்கிறேன், ராத்திரி வேலைக்காரனுக்குப் பகல் பதினோரு மணிக்கு அதுதான் இருட்டு, அந்த இருட்டுக்குள்ளிருந்தே தெரிந்துவிட்டது: ஸ்கூட்டர், ஒற்றை ஆள், பெண்பிள்ளை, இந்தத் தெருவுக்குப் புதுசு. சிமென்ட் ஆலை ரோட்டு எடைமேடையில் ராத்திரி வேலைக்கு உட்கார்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. லாரி மேடையில் ஏறுகிற முனகலை வைத்தே சுண்ணாம்புக்கல்லா, கரியா, காலி வண்டியா என்று திரையைப் பார்க்காமல் சொல்வேன். டிரைவர்கள் சிரிப்பார்கள், யோவ் பெலவேந்திரா, மெஷின வித்துட்டு ஒன் காத வச்சே நடத்தச் சொல்லுய்யா ஒங்க மொதலாளிய என்பார்கள். ஒரு காதுதான். இடது காது பழைய கல் கிரஷர் வேலையோடு போய்விட்டது, அது அவர்களுக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டேன். "எடிசன் வீடு இதுதானே?" என்றது குரல். துண்டை அவிழ்க்காமல் அப்படியே கிடந்தேன். பால்காரர், கேஸ்காரர், கோயில் திருவிழாவுக்கு வரி கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் பெலவேந்திரன் வீடு என்றுதான் கேட்பார்கள். எடிசன் வீடு என்று பத்தொன்பது வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. வீடு என் மகனுடையதா? அவனுடையதும்தானே. பிறத்தியார் வீட்டில் அசந்து தூங்கிவிட்டவன் மாதிரி சடக்கென்று எழுந்து உட்கார்ந்தேன்.

தமயந்தி என்று பேர் சொன்னார் அந்தப் பெண். முப்பது வயது இருக்கும், தோளில் துணிப்பை, பையிலிருந்து எட்டிப் பார்க்கிற காகிதம். "கமிட்டியிலேருந்து வர்றேன் சார். முந்தாநாள் கலெக்டர் ஆபீஸ்ல பாத்தீங்களே. எடிசனத் தனியாக் கேக்கணும், நீங்க பக்கத்துல இல்லாம. அதுதான் முறை." நான் சொன்னேன், "அவன் பேசறது யாருக்கும் புரியாதுங்க, நான் இருந்தாத்தான்…" "புரியலன்னா இன்னொரு தடவ கேப்பேன். நீங்க படுங்க சார், ராத்திரி வேல பாத்தவரு, கண்ணு செவந்து கெடக்குது." என் வீட்டில் என்னைப் படுக்கச் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். எடிசன் அங்கேதான் இருக்கிறான், துணி துவைக்கிற கல்லின் மேல், காலை வெயிலுக்கு அவனுடைய இடம் அது. நடுக்கதவை அவரே மெல்லச் சாத்தினார். சாத்தினால் என்ன, சுவரில் காற்றுக்கல் பதித்திருக்கிறது, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக, அதன் வழியாகக் கொல்லையில் காக்கா தத்துவது வரைக்கும் கேட்கும். மறுபடி துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தேன். வலது பக்கம் திரும்பிப் படுத்தால் நல்ல காது தலையணைக்குள் போய்விடும், உலகம் அணைந்துவிடும், தினமும் அப்படித்தான் தூங்குகிறேன். இடது பக்கம் படுத்தால் நல்ல காது மேலே, எல்லாம் கேட்கும். எந்தப் பக்கம் படுப்பது? தனியாகக் கேட்க வேண்டும் என்றால் நான் கேட்கக் கூடாது என்றுதானே அர்த்தம். மல்லாந்து படுத்தேன். மல்லாந்து படுத்தாலும் கேட்கத்தான் செய்கிறது.

பதினெட்டு வயது வரைக்கும் அப்பா என்பதே போதும். பதினெட்டு முடிந்த மறுநாள் காலையில் போதாது. அவன் மேஜர், என் கையெழுத்து அவனுக்குச் செல்லாது, அவனுக்கோ கையெழுத்துப் போட வராது. அடிவயிற்றில் குடலிறக்கம், ஆபரேஷன் பண்ண வேண்டும், ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், சட்டப்படி இவருக்குப் பாதுகாவலர் யாரு? நான்தாங்க, பெத்த அப்பன். காகிதம் இருக்கா? பெற்றதற்கு என்ன காகிதம். மனு எழுதிப் போட்டு ஐந்து மாதம் கழித்து முந்தாநாள் கூப்பிட்டார்கள். நீள மேஜை, டாக்டர் ஒருவர், வக்கீல் ஒருவர், சக்கர நாற்காலியில் ஒருவர், நடுவில் அதிகாரி அம்மா. அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "எடிசன், உங்க அப்பா உங்களுக்குப் பாதுகாவலரா இருக்கலாமா? உங்களுக்குச் சம்மதமா?" "சம்மதம்தாங்கம்மா" என்றேன் நான். "நீங்களா எடிசன்?" மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள், சக்கர நாற்காலிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பார்வையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, என் செருப்பைப் பார்த்தேன். எடிசன் என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் மேஜையைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான், அந்த அம்மா கையிலிருந்த பேனாவைப் பார்த்தான். பார்த்துவிட்டு, வீட்டில் ஒரு சொல்லை இழுத்து இழுத்து வெளியே கொண்டுவருகிற பிள்ளை, தெள்ளத் தெளிவாகச் சொன்னான்: "தெரியாது." அந்த ஒரு சொல் மட்டும் அவனுக்கு அவ்வளவு சுத்தமாக வரும். ஏன் வரும் என்பது எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். "சரி, வீட்டுக்கு ஆள் அனுப்பறோம்" என்றார் அந்த அம்மா, "தனியாக் கேக்கட்டும். வீடு எப்படி இருக்குன்னும் பாக்கட்டும்." வீடு எப்படி இருக்குன்னும். முந்தாநாளிலிருந்து அந்த வார்த்தை காதை விட்டுப் போகவில்லை.

ஆறு வயதில் அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஊனத்துக்குச் சதவீதம் போடுகிற முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போனேன், டாக்டர் படத்தைக் காட்டக் காட்ட, கோணல் வாயால் மாடு, பஸ்ஸு, பூவு என்று சொன்னான், எனக்குப் பெருமை தாங்கவில்லை, பக்கத்தில் நின்ற என் மனைவி பிலோமினாவின் கையைக் கிள்ளினேன். குறைச்சலாக எழுதிவிட்டார்கள். அவ்வளவு குறைச்சலுக்குப் பஸ் பாஸும் இல்லை, உதவியும் இல்லை, ஒன்றும் இல்லை. வரிசையில் எனக்குப் பின்னால் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஒருத்தர் சொன்னார், "ஏன்யா ஒம் புள்ள எல்லாத்துக்கும் பதில் சொல்லுது? அடுத்த தடவ வாயத் தொறக்காதன்னு சொல்லிக் கூட்டியா." ஒன்பது வயதில் அடுத்த முகாம். அதற்கு ஒரு மாதம் முன்னாலிருந்து நான் டாக்டர் ஆனேன். கவிழ்த்துப்போட்ட வாளி மேஜை, கையில் பேனா, காகிதம். இது என்ன கலரு? செவப்பு. இல்லடா, தெரியாதுன்னு சொல்லு. இது யாரு? அம்மா. தெரியாதுன்னு சொல்லு. ஒவ்வொரு தெரியாதுக்கும் ஒரு கடலைமிட்டாய். பிலோமினா அடுப்படியிலிருந்து சொன்னாள், "ஊர்ல எல்லாரும் புள்ளைக்கு அறிவு வர்றதுக்கு மிட்டாய் குடுப்பாங்க. இவரு இருக்கறதப் புடுங்கறதுக்குக் குடுக்கறாரு." முகாமில் டாக்டர் அவளைக் காட்டி இது யாரு என்று கேட்டபோது எடிசன் அவள் முகத்தைப் பார்த்துத் தெரியாது என்றான். சதவீதம் ஏறியது. அதற்கப்புறம் பேனாவும் காகிதமும் வைத்திருக்கிற யாரைக் கண்டாலும் அவனுக்குத் தெரியாதுதான். கோயிலில் உறுதிப்பூசுதல் சடங்குக்கு முன்னால் சாமியார் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, உலகத்தைப் படைத்தவர் யார் என்று கேட்டார், தெரியாது என்றான், நாங்கள் சிரித்தோம், நான்கூடச் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் தலைகீழ். அங்கே ஒரு எழுத்தாவது தெரியும் என்று காட்ட வேண்டும். "பேரு மட்டும் எடிசன், மத்த புள்ளைங்க பயப்படும்ப்பா" என்றார் தலைமையாசிரியர். நான் எட்டாவது வரைக்கும்தான், ஆனால் முகாமில் கொடுத்த மாற்றுத்திறனாளிகள் சட்டப் புத்தகம் என்னிடம் இருந்தது, கையகலம், வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் படித்துப் படித்து மனப்பாடம், அவர் மேஜை முன்னால் நின்று சத்தமாக வாசித்தேன், சேர்த்துக்கொண்டார். சேர்த்துச் சத்துணவு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். ஒரு மேஜைக்கு முன்னால் தெரியும் என்று நிரூபிக்கணும், இன்னொரு மேஜைக்கு முன்னால் தெரியாது என்று நிரூபிக்கணும், நடுவில் பிள்ளை எங்கே நிற்பான். நான் எங்கே நின்றேன் என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

காற்றுக்கல் வழியாக அந்தப் பெண்ணின் குரல் வருகிறது. "எடிசன், காலையில என்ன சாப்டீங்க?" பேனாவை எடுத்துவிட்டார் போலிருக்கிறது. "தெரியாது." மூன்று தோசை சாப்பிட்டான், நாலாவதைக் காக்காய்க்குப் போட்டான். "இந்தச் சட்ட யாரு வாங்கிக் குடுத்தா?" "தெரியாது." ஈஸ்டருக்கு அவனே கையைக் காட்டி எடுத்த சட்டை, நான் நீலம் எடுக்கச் சொன்னேன், மஞ்சளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வீடு எப்படி இருக்குன்னும். உள்ளே வரும்போது கதவைப் பார்த்தாரா, வெளிப்பக்க நாதாங்கி தேய்ந்து பளபளவென்று இருக்குமே, உள்பக்கத் தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்குமே, பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால் போதாதா. நாலு வருஷமாக ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தக் கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். காலை ஏழு மணிக்குத் திறக்கிறேன். சும்மா பூட்டவில்லை. பிலோமினா செத்து நாற்பதாம் நாள் முடிந்த வாரம், பூட்டாமல்தான் போனேன், தாழ்ப்பாள் போட்டுக்கடா என்று சொல்லிவிட்டு. மேடையில் ஒரு கரி வண்டி ஏறி நின்றது, டிரைவர் கேபினைத் திறந்து, "ஒன் பையனாய்யா இது? நட்ட நடு ரோட்டுல நிக்கறான், பிரேக்க ஏறி மிதிச்சேன், எம் புள்ள குட்டி புண்ணியம்" என்று இறக்கிவிட்டார். எடிசன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நாலு கிலோமீட்டர், வளைந்த காலோடு, ரெண்டு பக்கமும் லாரி. அம்மாவைத் தேடினானா என்னைத் தேடினானா, கேட்கவில்லை, அறைந்தேன். இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. மறுநாள் பூட்டு வாங்கினேன். கொல்லைக் கதவையும் பூட்டியாக வேண்டும், கக்கூஸ் அங்கேதான், அதனால் உள்ளே அவனுக்கு ஒரு கேன் வைத்தேன். எந்த அப்பனும் இதைத்தானே செய்வான். எந்த அப்பனும் செய்வான் என்றால் ஏன் யாரிடமும் சொல்லவில்லை, எதிர்வீட்டு லில்லி அக்காவிடம்கூட? தெருவில் ஆள் போகிற நேரம் பார்த்துப் பூட்டுகிறேனா, ஆள் போகாத நேரம் பார்த்துத்தானே பூட்டுகிறேன்.

என்னைப் பெற்ற அம்மாவை நினைக்கக் கூடாது, நினைப்பு அங்கேதான் போகிறது. கடைசிக் காலத்தில் அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது, விடியுமுன்னே எழுந்து தெருத் தெருவாகப் போய்விடும், கூடப் பிறந்த சூசை அண்ணன் பழைய சேலையைக் கிழித்துக் கட்டில் காலோடு காலைக் கட்டி வைத்திருந்தார். நான் போய்ப் பார்த்துவிட்டுக் கத்தினேன், மாட்டையா கட்டி வச்சிருக்க, நீ மனுசனா? அவர் சொன்னார், "நீ வந்து பத்து நாள் வச்சிருந்து பாருடா, பெறவு பேசு." வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தச் சேலை ஊதா கலர். புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது, இவர்களை அடைத்து வைப்பதோ, கட்டி வைப்பதோ, துன்புறுத்துவதோ கூடாது, தெரிந்தால் அதிகாரி வந்து மீட்டுக்கொண்டு போகலாம் என்று. மீட்டு என்றுதான் போட்டிருக்கிறது. யாரிடமிருந்து மீட்டு? அந்தப் பக்கத்தின் மேல் ஒருநாள் டீயைக் கொட்டிவிட்டேன், அடுத்த தாளோடு ஒட்டிக்கொண்டது, பிரிக்கவில்லை. கொண்டுபோனால் ஹோமில் போடுவார்கள், ஹோமில் முப்பது பேருக்கு நடுவில் கேள்வி போய்ச் சேர ஒரு நேரமும் பதில் வந்து சேர ஒரு நேரமும் ஆகிற பிள்ளையின் பதிலுக்கு யார் காத்திருப்பார்கள். நான் காத்திருந்தேனா? மேடையில் வண்டி ஏறினால் திரையில் எண் ஆடும், ஆட்டம் நின்ற பிறகுதான் சீட்டு அடிக்க வேண்டும், எத்தனை டிரைவர் ஹாரன் அடித்தாலும் நான் அவசரப்பட்டதில்லை. அவனுக்கு மட்டும் எண் நிற்கிற வரைக்கும் ஒருநாளும் பொறுத்ததில்லை, நானே சொல்லிவிடுவேன், பசிக்குது அவனுக்கு, குளிருது அவனுக்கு, சம்மதம்தாங்கம்மா. இன்னும் கொஞ்ச வருஷம், வலது காதும் போகும், இப்போதே போன் மணி தூரத்தில் அடிப்பது மாதிரி இருக்கிறது. வயசானால் மூளையும் சொன்னபடி கேட்குமா. அப்போது எவனாவது பையோடு வந்து பெலவேந்திரனைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று சொல்வானா, இல்லை ஒரு பழைய சேலையா.

"ராத்திரி அப்பா வேலைக்குப் போனப்புறம் வீட்ல யாரு இருப்பா, எடிசன்?" மூச்சை நிறுத்தினேன். என் நெஞ்சு அடிப்பது என் நல்ல காதுக்குள்ளேயே கேட்டது. காக்கா ஒன்று கத்தி முடித்தது. "தெரியாது." அப்பாடா. "கதவு தொறந்திருக்குமா, சாத்தியிருக்குமா?" "தெரியாது." நல்ல பிள்ளை. தங்கம். "பயமா இருக்குமா?" "தெரியாது." கையில் ஒரு கடலைமிட்டாய் இருந்திருந்தால் ஓடிப்போய் வாயில் போட்டிருப்பேன். அப்படித்தான் நினைத்தேன், அந்த நினைப்பு வந்து முடிந்த பிறகுதான் அது என்ன நினைப்பு என்று தெரிந்தது. துண்டுக்குள் கண் எரிந்தது. "சரி எடிசன். அப்பா உங்களுக்குப் பாதுகாவலரா வேணுமா?" "தெரியாது." பேனா காகிதத்தில் ஓடுகிறது, அதுகூடக் கேட்கிறது. என்ன எழுதுவார்? எதுவும் தெரியாதவர், சுயமாக முடிவு எடுக்க இயலாதவர், எல்லாவற்றுக்கும் தந்தையே. நான் கேட்டது அதுதானே. அடுத்த வாரம் முத்திரை போட்டு வரும், ஆஸ்பத்திரியில் காட்டலாம், பூட்டைப் பற்றி ஒருத்தருக்கும் தெரியாது, எல்லாம் நான் நினைத்த மாதிரியே நடந்துவிட்டது. அப்படியானால் ஏன் எழுந்து நிற்கிறேன். துண்டு எப்போது அவிழ்ந்தது. அடுப்படிக்கு வந்திருக்கிறேன், காலையில் வரும்போது வாங்கிய சிறுகீரைக் கட்டு முறத்தில் கிடக்கிறது, மத்தியானத்துக்குக் கடைய வேண்டும். கட்டைப் பிரித்து ஆய ஆரம்பித்தேன். பழுத்த இலை ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம். அடுப்படி வாசலில் இருந்து பார்த்தால் கொல்லை தெரிகிறது, அந்தப் பெண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், அவன் கல்லின் மேல், மஞ்சள் சட்டை, கைகள் ரெண்டையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு. அது நான் சொல்லிக்கொடுத்ததுதான். டாக்டர் முன்னால் கையை ஆட்டாதே, விவரமானவன் மாதிரி தெரியும். நான் மறந்தே போனேன், பத்து வருஷமாக அவன் மறக்கவில்லை.

"அந்தத் தெரியாது என்னுதுங்க" என்றேன். கையில் கீரைத்தண்டோடு கொல்லையில் நிற்கிறேன், எப்படி வந்தேன். "என்ன சார், தனியாக் கேக்கணும்னு சொன்னேன்ல" என்றார் தமயந்தி. "நாந்தாங்க அவனுக்குச் சொல்லிக் குடுத்தது. சதவீதத்துக்காக. பேனாவக் கண்டா அவன் அதத்தான் சொல்லுவான். சாமியப் பத்திக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவான். அத எழுதிக்காதீங்க. பேனாவ உள்ள வையுங்க." அவர் என்னைப் பார்த்தார், கீரையைப் பார்த்தார், பேனாவைப் பைக்குள் போட்டார், காகிதத்தையும் மடித்துப் போட்டார். நான் கல்லின் முன்னால் குந்தினேன். "டேய் எடிசு. இவங்க டாக்டர் இல்லடா. சொல்லலாம்டா. தெரிஞ்சதச் சொல்லு." அவன் சந்தேகமாகப் பார்த்தான். "மிட்டாய்?" "மிட்டாய் இல்லடா. மிட்டாய் இல்லாமலே சொல்லலாம்." அவன் வாய் ஒரு பக்கம் இழுத்தது. நான் சொல்லிவிடக் கூடாது, நான் சொல்லிவிடக் கூடாது என்று கீரைத்தண்டைக் கடித்துக்கொண்டேன், மண் வாசனை. தெருவில் ஐஸ் வண்டி ஒன்று மணி அடித்துக்கொண்டு போய், திரும்பி, மறுபடி போனது. கை ரெண்டும் தொடைக்கடியிலிருந்து மெல்ல வெளியே வந்தது. "கேன்ல… போவ… புடிக்கல" என்றான். "எந்தக் கேன், எடிசன்?" "ராத்திரி கேனு. ரொம்பிடுது. கால்ல ஊத்திக்குது. அப்பா பூட்டிட்டுப் போயிடுது. கூப்டா வராது." கூப்பிட்டானா. எத்தனை ராத்திரி கூப்பிட்டான். நாலு கிலோமீட்டர் தள்ளி லாரி முனகலில் கல்லா கரியா என்று சொல்லிக்கொண்டிருந்த காது.

"எத்தன நாளா சார்?" என்றார் தமயந்தி. "நாலு வருசமா." "தப்புன்னு தெரியுமா?" "தெரியுங்க. புத்தகத்துல இருக்கு." "தெரிஞ்சுமா?" "ரோடு இருக்குங்களே" என்றேன், கரி வண்டியையும் பிரேக்கையும் பாதிதான் சொன்னேன், மீதியை அவன் சொன்னான், "லாரி… பெரிசு… பாம்" என்று கையை விரித்து, சந்தோஷமாக. "ரோட எழுதிக்கறேன் சார்" என்றார் அவர். "பூட்டையும் எழுதணும். எழுதாம இருக்க முடியாது." "எழுதிக்குங்க. கூட்டிட்டுப் போயிடுவாங்களா?" "கேப்பாங்க. மொதல்ல இவரத்தான் கேப்பாங்க." அப்புறம் அவன் பக்கம் திரும்பி, சாமான் விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார், "எடிசன், பாதுகாவலர்னா ஒங்களுக்குப் பதிலா கையெழுத்துப் போடறவரு. ஒங்ககிட்ட கேட்டுட்டுப் போடணும். அப்பா அப்படி இருக்கட்டுமா?" இந்தத் தடவை என் காது ரெண்டும் செவிடாகக் கிடந்திருக்கலாம். அவன் என்னைப் பார்த்தான், முந்தாநாள் பார்த்த மாதிரி இல்லை, என் முகத்தில் பதிலைத் தேடவில்லை, முகத்தைத்தான் பார்த்தான், எடை போடுகிற மாதிரி. "அப்பறம் சொல்றேன்." "எப்ப?" "யோசிச்சிட்டு." யோசிச்சிட்டு என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை, எங்கே கற்றான், யார் கொடுத்த மிட்டாய் அது. தமயந்தி சிரித்துவிட்டார். "சரி, நாளைக்கு வரட்டுமா?" "வெள்ளி." "சரிப்பா, வெள்ளி." வாசலில் என்ஜின் கிளம்புகிற முன்னால் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார், "இன்னிக்கு ராத்திரி என்ன பண்ணப் போறீங்க சார்? பக்கத்துல சொல்லி வைக்க ஆள் இல்லையா?" லில்லி அக்கா இருக்கிறார். கேட்டதில்லை. கேட்டால் நாலு வருஷத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "கேக்கறேங்க" என்றேன். கேட்பேனா. ஸ்கூட்டர் முக்கு திரும்புகிற வரைக்கும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தெருவில் வெயில், லில்லி அக்கா வீட்டு வாசலில் ஈரத்துணி.

திரும்பி வந்தால் அவன் கல்லை விட்டு இறங்கி அடுப்படி வாசலில் உட்கார்ந்திருக்கிறான். "ராத்திரி கதவ என்னடா பண்றது?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றேன். நிற்பது எவ்வளவு கஷ்டம். "நான்… உள்ள… போட்டுக்கறேன்." உள்ளே போட்டுக்கொண்டு அடிவயிறு வலித்து விழுந்துவிட்டால் யார் உடைப்பது, உடைக்கிற சத்தம் யாருக்குக் கேட்கும், உள்ளே போட்டுக்கொள்கிறவன் உள்ளேயே எடுத்துவிட்டு ரோட்டுக்கும் போகலாமே, போகக் கூடாதென்று யார் சொல்வது, நானா, எந்தக் காகிதத்தை வைத்து. தாழ்ப்பாள் துருவுக்குத் தேங்காயெண்ணெய் விடணும். லில்லி அக்காவிடம் போகணும், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, அக்கா ஒரு ஒத்தாசை என்றா, அக்கா ஒரு தப்பு பண்ணிட்டேன் என்றா. வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு நாள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவன் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் நான் யார், ராத்திரி ஒன்பது மணிக்கு எந்த வீட்டிலிருந்து கிளம்புவேன், காலை ஏழுக்கு எங்கே திரும்பி வருவேன், சோறு யாருக்கு ஆக்குவேன். வேணும் என்று சொன்னாலும் என்ன செய்வேன் என்பது தெளியவில்லை. அவனிடம் கேட்கலாமா என்று வாயெடுத்தேன். யோசிச்சிட்டு என்றானே, விடு. தூக்கம் போய்விட்டது, இனி வராது, உலை வைக்கிற நேரமும் ஆகிவிட்டது. அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, மீதிக் கீரையை ஆய ஆரம்பித்தேன்.